முதுகு மட்டும் நடித்த படம்

என் அக்காவைக் கட்டியவருக்கு ஊரில் சங்கிலி என்று பெயர். பெண் கேட்டு வந்தபோது இந்தப் பெயரைக் காதில் வாங்கிய எங்கள் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ அடிதடிக்காரர் என்று நினைத்துவிட்டார். விசாரித்துப் பார்த்தால், மனிதர் நாற்காலி மேசை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கிறவர், ஈயைக்கூட அடித்ததில்லை. பழைய படங்களை ஒன்றோடொன்று கோத்துவிடுவதால் வந்த பெயராம் அது.

கோப்பது என்றால் இப்படி. கடைக்கு எதிரே ஒரு சலூன். அங்கே யாராவது இரண்டு பழைய படங்களைச் சொல்வார்கள். முதல் படத்தில் நடித்த ஒருவரைப் பிடித்து, அவர் நடித்த இன்னொரு படத்துக்குப் போய், அங்கே வேறொருவரைப் பிடித்து, கடைசியில் இரண்டாவது படத்தில் போய் இறங்க வேண்டும்.

"கப்பல் முழுகுற படத்துலேருந்து மூணு அக்கா தங்கச்சி படத்துக்குப் போ" என்பார் சலூன்காரர்.

அத்தான் தோளில் தூசித் துணியோடு யோசிக்காமல் சொல்வார்: "கப்பல் கேப்டன்தான் கண்ணு தெரியாதவன் படத்துல ஜட்ஜு. அந்தக் கண்ணு தெரியாதவனுக்கு அம்மாவா அழுத அம்மாதான் இந்த மூணு பேருக்கும் அம்மாவா அழுதுச்சு. வந்து சேந்தாச்சு."

ஒன்றும் அகப்படாத நாளில் அவர் கைவசம் ஒரு டாக்டர் இருந்தார். எல்லாப் படத்திலும் அறையை விட்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, "இருபத்து நாலு மணி நேரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிற நடிகர். அவர் தலைகாட்டாத படம் அபூர்வம். சலூன்காரருக்கு அந்த டாக்டரைக் கண்டாலே ஆகாது.

இதோடு நின்றிருந்தால் குடும்பத்துக்குத் தொல்லை இல்லை. ஆனால் அத்தானும் ஒரு படத்தில் நடித்துத் தொலைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன்பு நடந்தது. ஒரு கோர்ட் காட்சிக்கு இவர்கள் கடையிலிருந்து நாற்காலி போயிருக்கிறது. இறக்கி வரிசையாகப் போட்டவரையே, ஆள் குறைகிறது என்று ஒன்றில் உட்கார வைத்துவிட்டார்கள். என்ன நடந்தாலும் திரும்பக் கூடாது என்பது மட்டும்தான் உத்தரவு. கதாநாயகி பின்னாலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மொதத் தடவை எல்லாரும் திரும்பிட்டானுங்க. மறுபடி எடுத்தாங்க. ரெண்டு தடவையும் நான் அசையல மாப்ள. அதுக்குப் பேருதான் நடிப்பு" என்பார் என்னிடம்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஆட்டத்தில் தன்னையும் ஒரு நடிகராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு நடுவர் சலூன்காரர், அவர் மசிகிற வழியாக இல்லை. "முகம் தெரியணும்யா. புறமுதுகு காட்டினவனையெல்லாம் கணக்குல சேத்தா ஆட்டம் என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டுவார்.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஒரே படத்துல நடிச்சவரை வெச்சு எந்த ரெண்டு படத்தைக் கோப்பீங்க அத்தான்?" என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன். ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா இந்தப் பேச்சிலேயே தலையிட மாட்டாள். டிவியில் அந்தப் படம் வந்தால், வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

அந்தக் காட்சியும் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். யாரும் அதை நிதானமாகப் பார்த்ததில்லை. இந்த நிலைமையில்தான் சலூன்காரர் புது டிவி வாங்கினார். சுவரில் பாதி அதுதான். படத்தை நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

"போட்டுப் பாப்போம். அப்பவும் என்னைச் சேக்கலேன்னா இனிமே உன் கடைப்படியை மிதிக்க மாட்டேன். முடியை நானே வெட்டிக்குவேன்" என்றார் அத்தான்.

"தாராளமா வெட்டிக்கோ" என்றார் சலூன்காரர்.

அத்தான் ரோஷக்காரர், சொன்னால் சொன்னதுதான். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் அவருக்கு மிச்சம் வாடகை நாற்காலிகள்தான்.

சலூன் விடுமுறை நாளில் கூடினோம். வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த அக்காவும் கதவோரம் நின்றுவிட்டாள். கோர்ட் வந்தது, கதாநாயகி அலறினாள், சலூன்காரர் பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு வரிசை முதுகுகள் அசையாமல் நின்றன.

"இதுல நீ யாரு?"

அத்தான் எழுந்து கிட்டே போனார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதருக்குத் தன் முதுகு எதுவென்று தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? கடைசியில் நாலாவது ஆள் மேல் விரலை வைத்தார். அகன்ற தோள், நிமிர்ந்த கழுத்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இவருதான் நான்."

சலூன்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். "இல்ல" என்றார்.

அத்தானின் முகம் செத்துவிட்டது. எனக்கு அந்த மனிதரை நாலு சாத்து சாத்தலாம் போல ஆத்திரம் வந்தது.

"அந்தத் தோளு உனக்கு எந்தக் காலத்துலயும் கிடையாது. நீ இந்தா, தூண் ஓரமா கூன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. ரெட்டைச் சுழி, பாரு. இடதுபக்கச் சுழி எறங்கியிருக்கு. காதுக்குப் பின்னாடி இந்த முடி, என்ன வெட்டினாலும் படியாது. என் உயிரை வாங்குற முடி இது." நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "நான் இத்தனை வருஷமா உன்கிட்ட பாத்துக்கிட்டு இருக்கிறதே இந்தப் பக்கத்தைத்தான்யா. எனக்கு இதுதான் உன் மூஞ்சி. தெரியுது. சேத்தாச்சு."

எல்லோரும் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அத்தான் சிரித்தார், ஆனால் அவர் கண் நாலாவது ஆளின் தோளை விட்டு வரவில்லை. அப்போதுதான் கதவோரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்போ இத்தனை நாளா நான் அந்த நாலாவது ஆளையா பாத்துக்கிட்டு இருந்தேன்?"

அத்தான் திரும்பினார். "நீ எப்போ பாத்தே? நீதான் எந்திரிச்சுப் போயிடுவியே."

"நீங்க கடைக்குப் போனப்புறம் மத்தியானத்துல டிவியில போடுவான். போடறப்பெல்லாம் பாப்பேன்" என்றாள் அக்கா.

அக்கா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தூணோரத்தில் கூனி உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதரை வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி ஓட்டி இன்னொரு தடவை போடுங்க" என்றாள் சலூன்காரரிடம். "இந்தத் தடவையாவது என் வீட்டுக்காரரைப் பாக்கறேன்."