தமயந்தி திரும்பப் பெற்ற முடிவு

இல்லை, தமயந்தி பார்த்தது அணுகுண்டு செய்யும் வேலை அல்ல. அவர் காலமானதிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புளியந்தோப்பிலிருந்து அவருடைய அப்பா போன் செய்தார். "கொயந்த போயிடிச்சும்மா." காய்ச்சல் என்று படுத்தவர். முப்பதைத் தாண்டியதே அண்மையில்தான்.

அவரும் நானும் ஒரே ஆண்டில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். அவர் தேடியது அணுக்கருவின் வடிவத்தை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கருவின் மீது இன்னொன்றை மோதவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, சூடாகிச் சுழலும். சூடு தணிய ஆல்ஃபா துகள்களை உமிழும். அவை மின்னூட்டம் கொண்டவை. வெளியேறும்போது கருவின் மின்விசை அவற்றைத் தள்ளிவிடும். கரு நீண்டிருந்தால் முனைவழியே வரும் துகளுக்கு அந்தத் தள்ளல் குறைவு. எதிர்பார்த்ததைவிட மெதுவான துகள்கள் அதிகம் வந்தால், கரு உருண்டை அல்ல.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்.

"இன்னாதான் பாத்துகினு கீற?"

"உருண்டையா கீதா, நீட்டமா கீதான்னு பாக்கறேன் நைனா."

"பாத்துட்டு?"

"சொல்லுவேன்."

"அவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருசம்?"

தமயந்தி சிரித்தார். "நீ மூட்டய பாரு நைனா, நான் இத்த பாக்கறேன்."

கருக்களை வேகமேற்றி மோதவிடும் முடுக்கி இயந்திரம் வேறு ஊரில். ரயிலில் போய், எங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் அளந்து திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தில் மெதுவான துகள்கள் ஏராளமாக வந்தன. இலக்கில் கரி கலந்திருந்தால் அதன் பங்கைக் கழிக்க, கடைசி ஷிப்டில் வெறும் கார்பன் தகட்டை வைத்து ஒருமுறை அளந்திருக்க வேண்டும். "கரிக்குப் போயி நேரத்த குடுப்பாங்களா மே?" என்றார் தமயந்தி. நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தையும் நாங்கள் ஆராய்ந்த இலக்குத் தகட்டுக்கே கொடுத்தோம். கரு நீண்டிருக்கிறது என்று கட்டுரை வந்தது. பாராட்டினார்கள்.

பல மாதம் கழித்து இலக்குத் தகடுகளை எடுத்து வைத்தபோது, முடுக்கியின் துகள் கற்றை விழுந்த இடத்தில் தமயந்தி கருமையைப் பார்த்தார். வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி, கற்றை பட்டுக் கரியாகப் படிந்திருந்தது. கரியிலிருந்தும் ஆல்ஃபா வரும். அடுத்த பயணத்தில் அதை அளந்து கழித்தார். நீட்டம் ஏறக்குறைய முழுவதும் மறைந்தது.

எங்கள் ஆய்வு வழிகாட்டி, இதை அடுத்த கட்டுரையில் ஓரிடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"வேணாம் சார். நீட்டமா கீதுன்னு சொன்னது நானு. இல்லன்னும் நானே சொல்றேன்."

கருத்தரங்கில் எழுந்து சொன்னார்: "நாங்கள் சொன்னது கருவின் வடிவம் அல்ல. பம்பு எண்ணெயின் கரி." பின்வரிசையில் சிரித்தார்கள். அன்று ஷேர் ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும், "நைனா கைல சொல்லிடாதமே, மானம் போயிடும்" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் திரையில் அந்த நீண்ட கரு. தமயந்தி உலகுக்குக் காட்டிய வடிவம் என்றார் ஒருவர். அறையில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். முன்வரிசையில் அப்பா கைகூப்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பேச அழைத்தார்கள். தமயந்தியின் சிரிப்பைப் பற்றி மட்டும் பேசினேன்.

படியிறங்கும்போது அப்பா என் கையைப் பிடித்தார். "நீட்டமா கீதுன்னு எங்கொயந்ததான் கண்டுபுட்ச்சுதா?"

ஆமாம் என்றேன்.

அவர் நிமிர்ந்து நடந்தார். என்னால் அவர் பின்னால் போக முடியவில்லை.

தமயந்தி செய்ததிலேயே கடினமானதை மறைத்துவிட்டு, அவரே வேண்டாம் என்று திருப்பித் தந்ததை அவர் தலைமேல் வைத்தோம். சொல்லாதே என்றது அவர்தான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

தமயந்தி, அதில் உங்களுக்கு ஒரு மானமும் போகவில்லை. போனது எங்களுக்கு. இதைச் சொல்லாமல் உங்களை வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த அஞ்சலிக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் புளியந்தோப்புக்குப் போய், அவருடைய அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.