பாக்கெட்டும் பாத்திரமும்

புதன்கிழமை, தடுப்பூசி நாள். சேக்காடு சுகாதார நிலையத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் அழுதுகொண்டிருந்தபோது கன்னியம்மா அக்காவின் மருமகள் வந்து வாசலிலேயே நின்றாள். "அத்த போயிட்சி சிஸ்டர்" என்றாள். கையில் ஊசி இருந்தது. மடியிலிருந்த குழந்தைக்குப் போட்டு முடித்த பிறகுதான் அழுதேன்.

இந்தப் பக்கத்துத் தாய்மார்களே, அக்காவை உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், தின்றது உள்ளே சிக்கிக்கொண்டதென்று, வயிற்றை நீவித் தொக்கம் எடுக்க அவரிடம்தான் முதலில் ஓடுவீர்கள். அப்புறம்தான் செவிலியரான நான். மாற்றலாகி வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் சண்டை போடவே அவர் வீட்டுக்குப் போனேன்.

மடியில் ஒரு பெண் குழந்தை. அக்கா அதன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். மடிப்பு அப்படியே நின்று, மெல்லத்தான் அடங்கியது. "அய்வுது, கண்ணுல சொட்டுத் தண்ணி வரல. காலைலேந்து ஒண்ணுக்கும் போவலயாம். நான் கை வெக்கமாட்டேன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடு" என்று தாயை விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா சிஸ்டர், சண்டைக்கா வந்துகீற? மோர் குடி."

குடித்தேன். வேறென்ன செய்வது?

அதன்பின் தன்னிடம் வரும் பிள்ளைகளை அவரே எங்களிடம் அனுப்பத் தொடங்கினார். நானும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தேன்.

மூன்று வருடம் முன்பு, கூட்டமான ஒரு நாள். பையனுக்கு வயிற்றுப்போக்கு என்று பருத்திப்பட்டு அடுக்குமாடியிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை நீட்டி, "கரைச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். முழுப் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொல்லவில்லை. அவர் முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துவிட்டார்; உப்பு மிஞ்சினால் பிள்ளையின் உடம்பு இன்னும் வற்றும்.

மறுநாள் அந்த அம்மா பையனோடும் டம்ளரோடும் அக்கா வீட்டுக்குப் போக, அக்கா எனக்கு ஆளனுப்பினார். ஓடினேன். பையன் துவண்டு கிடந்தான்; கண் குழிந்திருந்தது. அக்கா அந்த டம்ளரை நாக்கில் வைத்துப் பார்த்தார். "கருவாடு கயுவுன தண்ணி கணக்கா கரிக்குது."

"சிஸ்டர் அளவு எதுவும் சொல்லலையே" என்றார் அந்த அம்மா.

"சிஸ்டர் சொல்லியிருக்கும். புள்ள கவலைல உன் காதுல உயுந்திருக்காது" என்றார் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம், சரியாகக் கரைத்த தண்ணீரை அக்கா ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் பையன் இட்லி கேட்டான்.

தனியே இருக்கும்போது அக்கா ஒன்றுதான் கேட்டார். "பாக்கெட்ட குட்தியே, பாத்திரத்த காமிச்சியா?"

"அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்க்கா."

"சொன்னா நாளைக்கு உன்னாண்ட எவ வருவா? உடு. இனிமே அளவ சொல்லு."

அன்றிலிருந்து என் மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் நிற்கிறது. அதைக் காட்டாமல் ஒரு பாக்கெட்டும் என் கையைவிட்டுப் போவதில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அக்காவை எடுக்கிற அன்று அந்த அம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "அன்னைக்கு நான்தான் சரியா காதுல வாங்கல சிஸ்டர். இன்னும் மனசு அடிச்சுக்குது" என்றார். மேளச் சத்தத்தைச் சாக்காக வைத்து அங்கேயும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் "உடு" என்றதை மீறுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். நான்தான் சொல்லவில்லை.