சிலுவையின் உடுப்பைக் கழற்றிய தெலெஷ்

மேட்டில் இருக்கிற கத்தோலிக்கக் கோயிலுக்கும் பள்ளத்தில் இருக்கிற பெந்தெகொஸ்தே சபைக்கும் சுவர்க்கல் வார்த்துக் கொடுத்தவன் நான்தான். ஒரே ஆற்று மணல், ஒரே சிமெண்ட், ஒரே அச்சு. இரண்டு சுவரும் இன்றுவரை விரிசல் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் முழுசாக உட்காராதவன் நான். ஆனாலும் சியாபாஸ் மலையில் எங்கள் ஜனத்தில் முதல் லாரி வாங்கியவன் யார் என்று கேளுங்கள், பெதுல் என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஏன் சொல்லக்கூடாது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தெலெஷைப் பற்றி. இரண்டு சபையாருக்கும் கல் விற்றதோடு நான் நின்றுகொண்டேன். தெலெஷ் அவர்களை ஒன்று சேர்க்கப் போனான்.

அவன் எங்கள் ஊர்த் தண்ணீர்க்காரன். காட்டு ஊற்றிலிருந்து தொட்டிக்கு வருகிற தண்ணீரை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் திறந்துவிடுவது அவன் வேலை. திருகுசாவி அவன் இடுப்பிலேயே தொங்கும். குட்டையான ஆள், பேச்சு அதிகம், எல்லார் வீட்டு அடுப்படியிலும் உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிடுவான். மேட்டில் கத்தோலிக்கனாகப் பிறந்தான், கடைசிவரை அப்படியேதான் இருந்தான். அவன் பெண் பாஷ்கு மட்டும் கல்யாணமாகிப் பள்ளத்துக்குப் போய்ப் புருஷனோடு பெந்தெகொஸ்தே ஆகிவிட்டாள். அவளுக்கு ஞானத்தகப்பன் நான். என் கையில் ஏந்தியிருந்தபோதுதான் ஞானஸ்நானத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். பள்ளத்துக்காரர்கள் அது செல்லாது என்று சொல்லி அவளை மறுபடியும் முழுக வைத்தார்கள்.

சண்டை திருவிழாவில் ஆரம்பித்தது. வாணத்துக்கும் சாராயத்துக்கும் மேளத்துக்கும் வீட்டுக்கு வீடு பங்கு தர வேண்டும், அது ஊர் வழக்கம். பள்ளத்துச் சகோதரர்கள் தரமாட்டோம் என்றார்கள். சாராயம் பாவம், சிலைக்கு வாணம் விடுவது அதைவிடப் பாவம் என்றார்கள். அந்த வருஷத் திருவிழாப் பொறுப்பு ரோமின் என்கிறவன் கையில். நல்ல உழைப்பாளி, கோபக்காரன். சிலுவைத் திருநாளுக்குள் பங்கு வராவிட்டால் பள்ளத்துக்குத் தண்ணீரை அடைத்துவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு வாங்கிவிட்டான். அடைக்க வேண்டியது தெலெஷ்.

பாஷ்குவுக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. பள்ளத்தில் வேறு தண்ணீர் கிடையாது.

தெலெஷ் என் கல்பட்டறைக்கு ஓடிவந்தான்.

"பெதுல் அண்ணே, எம்பொண்ணு வாயில நானே மண்ணைப் போடணுமா?"

"சாவியத் தூக்கி அவனுங்க மூஞ்சியில எறிஞ்சுட்டு எங்கிட்ட வேலைக்கு வா. மணல் சலிக்க ஆள் வேணும்."

"நான் எறிஞ்சா இன்னொருத்தன் எடுத்து அடைப்பான். அதில்ல அண்ணே. ரெண்டு பேரும் இயேசுவத்தானே கும்பிடுறாங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊத்துகிட்ட நின்னு சேந்து ஜெபம் பண்ணிட்டா மனசு எளகிடாதா?"

"கல்லுக்கு அச்சு இருக்கு, சேந்து நிக்குது. மனுஷனுக்கு ஏதுடா அச்சு?" என்றேன். அவன் கேட்கவில்லை.

ஒரு மாதம் மேலும் கீழும் அலைந்தான். ரோமின் வீட்டில் அவன் பெண்டாட்டி தெலெஷ்மேல் கழுநீரை ஊற்றினாள். மறுநாளும் போய் அதே வாசலில் நின்றான். கீழே போதகர் சாலமோன், "சிலுவை மரத்துக்குப் பூ சுத்தி, குங்கிலியம் போட்டு, சாராயம் தெளிக்கிற எடத்துக்கு எங்க ஆளுங்க வரமாட்டாங்க, சகோதரரே" என்றார். கடைசியில் எப்படியோ இருவரையும் ஓர் உடன்பாட்டுக்கு இறக்கிவிட்டான். பள்ளத்துக்காரர்கள் சிலுவைத் திருநாளன்று ஊற்றுக்கு வந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரு தரம் சொன்னால் போதும், பங்கு கேட்பதில்லை, தண்ணீரும் ஓடும். ரோமின் கோயிலில் மெழுகுவர்த்தி தொட்டுச் சொன்னான். போதகர் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னார்.

எங்களுக்கு அந்த ஊற்றடிச் சிலுவை வெறும் மரமில்லை. ஊற்றைக் காத்து நிற்கிற ஆள். திருநாளுக்கு முதல் நாள் அதற்குப் பைன் கிளையும் சிவப்புப் பூவும் வைத்துக் கட்டுவதை உடுத்துவது என்போம். உடுத்தாமல் நிற்கிற சிலுவை அம்மணமாக நிற்கிற பெரியவர் மாதிரி. தெலெஷும் மேட்டு ஆட்களோடு சேர்ந்துதான் அதை உடுத்தினான். ஆனால் போதகரிடம் என்ன சொல்லியிருந்தான் தெரியுமா? "வெறும் மரம்தான் நிக்கும் போதகரே, உங்க சபைச் சுவத்துல வரைஞ்சிருக்கீங்களே, அந்த மாதிரி."

விடிந்தபோது மலை முழுக்கப் பனிமூட்டம். நாங்கள் வருவதற்கு முன்னால் தெலெஷ் போய்க் கட்டுகளை அவிழ்த்து, கிளைகளையும் பூவையும் ஒரு சாக்குக்குள் பொதிந்து, தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறான். ஜெபம் முடிந்து சகோதரர்கள் இறங்கியதும் மறுபடி உடுத்திவிடலாம் என்பது அவன் கணக்கு. அவன் புத்திக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். வேறு ஊர்க்காரன் இதைச் செய்யத் துணிந்திருக்கமாட்டான். சிலுவை கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிற அளவுக்கு அதோடு பழகியவன்தான் செய்வான்.

மேட்டுக்காரர்கள் ஒரு பக்கம், பள்ளத்துக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் அவன். நான் எந்தப் பக்கமும் சேராமல் தொட்டியோரம் நின்றேன். பனியில் எதிரில் நிற்பவன் முகமே தெரியவில்லை. தெலெஷ் ஆரம்பித்தான். இரண்டு பக்கமும் சொல்ல ஆரம்பித்தது. ஒரே ஜெபம், ஒரே குரல். இந்தக் கல்லுளிமங்கனுக்கே கழுத்து மயிர் எழுந்து நின்றது. தெலெஷ் அழுதுகொண்டே சொன்னான்.

கத்தோலிக்கர்கள் தங்கள் வழக்கப்படி 'தீமையிலிருந்து' என்கிற இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சகோதரர்கள் ராஜ்யமும் வல்லமையும் என்று மேலே போய்க்கொண்டிருந்தார்கள். சும்மா நின்ற ரோமின் கண்ணைத் திறந்தான். பனி விலகியிருந்தது.

"யார்றா எங்க ஐயாவ அம்மணமா நிறுத்துனது?"

தெலெஷ் ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ரோமின், ரோமின், எல்லாம் பத்திரமா இருக்கு. இவங்க போனதும் இப்பவே உடுத்திடுறேன். ஒரு பூகூட வாடல, பாரு."

சாக்கு சரிந்து பூவெல்லாம் கீழே கொட்டியது, கூடவே அவன் சேர்த்து ஒளித்திருந்த குங்கிலியமும் சாராயப் புட்டியும்.

போதகர் அதைப் பார்த்தார். "அப்ப நாங்க வந்து உங்க சாமிக்குத் திருவிழா தொறந்துவச்சிருக்கோம். இல்ல, சகோதரரே?"

"போதகரே, கொஞ்ச நேரம்…"

"எங்களையும் ஏமாத்துனியா, அவங்களையும் ஏமாத்துனியா?"

முதல் அடி ரோமினுடையது. அதற்கப்புறம் யார் அடி என்று சொல்ல முடியாது. மேட்டுக்காரர்கள் அவன் கம்பளிச் சட்டையை உருவினார்கள், கால்சட்டையையும் உருவினார்கள். "அம்மணம் எப்பிடி இருக்கு? குளிருதா?" என்று கேட்டுவிட்டு அவன் தோளிலும் இடுப்பிலும் பைன் கிளைகளைக் கட்டினார்கள், காதில் பூ சொருகினார்கள். சகோதரர்கள் கை வைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அவன் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். "முழுக்கு ஞானஸ்நானம் வாங்காதவன்தானே, முழுக வைப்போம்" என்றான் ஒருவன். பிதா பேரால் ஒரு முக்கு, குமாரன் பேரால் ஒரு முக்கு. மூன்றாவது முக்குக்கு ரோமினே தலையைப் பிடித்துக் கொடுத்தான். தொட்டியில் ஐஸ் மாதிரித் தண்ணீர். வெளியே இழுத்தபோது கிளையெல்லாம் ஒட்டிக்கொண்டு அவன் நடுங்குவதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்து அன்றுதான் கேட்டேன்.

நான் நடுவில் போகவில்லை. நடுவில் போனவன் கதியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேனே.

அங்கேயே கூட்டம் போட்டார்கள். அவனை ஊரைவிட்டுத் துரத்துவது என்பதில் ஒரு வார்த்தை மாற்றுக்கருத்து இல்லை. தண்ணீர்ப் பேச்சு வந்தது. ரோமின் பெருந்தன்மையாகச் சொன்னான்: "தப்பு அவனோடது. பள்ளத்துக்குத் தண்ணி ஓடட்டும். ஆனா அவன் ரத்தம் பள்ளத்துல ஒண்ணு இருக்கே, அது யார் பக்கம்னு சொல்லட்டும்."

பாஷ்குவை முன்னால் தள்ளினார்கள். குழந்தை அவள் முதுகுத் துணியில் கிடந்தது.

"இவன் உனக்கு அப்பனா?" என்று கேட்டான் ரோமின்.

அவள் போதகரைப் பார்த்தாள். போதகர் பூமியைப் பார்த்தார்.

"சொல்லும்மா, குளிருது" என்றான் தெலெஷ். அவன் குளிரைச் சொன்னானா, அவளுக்குச் சம்மதம் கொடுத்தானா, தெரியாது.

"எனக்கு இவர் யாருன்னு தெரியாது. எனக்குத் தண்ணி வேணும்" என்றாள்.

அன்றைக்கே அவனை என் லாரியில் ஏற்றிச் சான் கிறிஸ்தோபல் நகரத்துக்குக் கொண்டுபோனேன். என் கம்பளியைப் போர்த்திவிட்டது நான்தான், வேறு ஒருவனும் இல்லை. இடுப்பில் சாவி இல்லையே என்று தடவிக்கொண்டே வந்தான்.

நகரத்து ஓரத்தில் மலைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குடியிருக்கிற இடம் ஒன்று உண்டு. சந்துக்குச் சந்து ஒரு சபை. போனவனிடம் முதலில் கேட்கிற கேள்வி, "ஒன்னைத் துரத்துனது யாரு?" என்பது. கத்தோலிக்கர் துரத்தினால் பெந்தெகொஸ்தே சேர்த்துக்கொள்வான். பெந்தெகொஸ்தே துரத்தினால் கோயிலில் கஞ்சி கிடைக்கும். தெலெஷ் உண்மையைச் சொன்னான். இரண்டு பேரும் துரத்தினார்கள் என்றால் பெரிய குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சபையும் திண்ணமாகக் கதவைச் சாத்தியது. கட்டட வேலையில் காரை சுமந்தான். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பெதுல் சொன்னால் அந்த ஊர் மேஸ்திரிகள் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாம் வருஷம் கல் இறக்கப் போனபோது அவனைப் பார்த்தேன். நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமிப் பாதி ஆளாக இருந்தான். அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது, அந்தக் குளிர்காலத்தை அவன் தாண்டவில்லை.

"பள்ளத்துக்குத் தண்ணி வருதா அண்ணே?"

"வருது."

"சிலுவைத் திருநாளுக்கு?"

"முன்னாடியே காவல் போடுறாங்க. மேட்டுல ஒருத்தன், பள்ளத்துல ஒருத்தன். யாரும் சிலுவையத் தொட்டுத் தண்ணிக்கு வம்பு வந்துடக்கூடாதுல்ல."

"ரெண்டு பேரும் ஒண்ணாவா உக்காருறாங்க?"

"ஒரே பாய்ல. சோளக் கரைசல்கூட ஒரே சட்டியில குடிக்கிறாங்க."

அவன் முகம் மலர்ந்தது. வாயில் மூன்று பல் இல்லை. "பாத்தியா அண்ணே. நான் சொல்லல? என்ன பேசிக்கிறாங்க?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒன்னைத் திட்டுறாங்க. வேற என்ன பேச்சு இருக்கு அவங்களுக்குள்ள?"

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

காரைச்சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான்.

"பாஷ்கு?"

"அவதான் அவங்களுக்குச் சட்டி கொண்டுவந்து குடுக்கிறா. அவளும் சேந்துதான் திட்டுறா."

தலையை ஆட்டினான். மேலே மேஸ்திரி சத்தம் போட்டான். சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.