அந்த்ரேயா செதுக்கிய பதினொரு முகங்கள்

அந்த்ரேயா என்ற கல்லறைச் சிற்பியைப் பற்றி எழுதப்போகிறேன். அவர் பெரிய ஆள் இல்லை. செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் இன்று அவரைத் தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருத்தி எங்கள் றோசமலர்.

றோசமலர் இலங்கையில் மன்னார்க்காரி. பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கிறாள். காலையில் ரயிலேறிப் பகேரியாவுக்குப் போய், எமிலியானா என்ற வயதான இத்தாலிய அம்மாவை, எங்கள் வாயில் சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்வது அவள் வேலை. சிஞ்ஞோராவின் பூட்டனுக்குத் தம்பிதான் இந்த அந்த்ரேயா.

அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு சலவைக்கல் பெண் நிற்கிறாள். முக்காடு, குனிந்த பார்வை, வெறுங்கால். எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? மாதா என்று றோசமலர் முடிவு கட்டிவிட்டாள்.

“மாதாவெண்டால் கையிலை பாலன் எங்கையடி?” என்று கேட்டேன்.

“உடைஞ்சிருக்கும் அக்கா.”

நாள்தோறும் சிலையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலை தொடங்குவாள். நேர்த்தியும் வைத்தாள். மகள் கிருசாந்தினி விசா கிடைத்து வந்து சேர்ந்தால், மகளின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. பெற்ற மகளின் உயரத்தை வாட்ஸ்அப்பில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். நாலு வயதில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளை. பதின்மூன்று வருடத்தில் இரண்டு தரம்தான் போய்ப் பார்த்தாள். அந்தப் பிள்ளை வந்து தன் பக்கத்தில் படுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்பாள்.

சலவைக்கல் எண்ணெயைக் குடித்துவிடும். தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாரிய கையால் மூன்று மாதம் தொட்டதில் சிலையின் வலது கால் மஞ்சளாகிவிட்டது. சிஞ்ஞோரா கண்டுவிட்டார். வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே றோசமலர் உண்மையைச் சொன்னாள். சிஞ்ஞோரா இருமல் வரும்வரை சிரித்தார்.

“மாதாவா? அது தையல்காரி கியாரா!”

அன்றுதான் றோசமலர் அந்த்ரேயாவின் கதையைக் கேட்டாள். கல்லுடைப்பவரின் மகன். பலெர்மோவில் காசுள்ளவர்கள் செத்தால், கல்லறைமேல் அழுகிற பெண் சிலை வேண்டுமென்று இவரிடம்தான் வருவார்கள். அவர் கலியாணம் கட்டவிருந்த கியாரா, குடும்பத்தோடு ஆபிரிக்கக் கரையிலிருக்கும் துனிசுக்குக் கப்பலேறினாள். அடுத்த வசந்தத்தில் வருகிறேன் என்றாள். அவர் அழுகிற பெண்களுக்கெல்லாம் அவள் முகத்தையே வைத்தார். முதல் சிலையை ஒரு எலுமிச்சை வியாபாரியின் விதவை பார்த்துவிட்டு, “என் புருஷனுக்காக அழ இவள் யார்?” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். தோட்டத்தில் நிற்பது அதுதான். மற்றப் பத்தும் கல்லறைகளில் நிற்கின்றன. ஏழாம் வருடம் கியாராவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நலமாக இருக்கிறேன், இனி வரமாட்டேன். அவர் வேறு கலியாணம் செய்யவில்லை.

“வராதவளிட்டையே நான் நேர்த்தி வைச்சனான்?” என்று றோசமலர் என்னிடம் வந்து அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பத்து நாளில் கிருசாந்தினி அழைத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“அம்மா, விசா வந்திட்டுது. ஆனா நான் வரேல்லை.”

“ஏன் பிள்ளை?”

“இஞ்சை பள்ளிக்கூடச் சோதினை வருது. சித்தியை விட்டிட்டு வரேலாது. உங்களை எனக்குப் போனிலைதானே தெரியும்.”

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் கோபம் நிலைத்திருக்கும். அவள் சொன்னது உண்மை.

மறுநாள் றோசமலர் சிஞ்ஞோராவிடம் ஒன்றுதான் கேட்டாள். கடிதம் வந்த பிறகு அந்த்ரேயா என்ன செய்தார்? சிஞ்ஞோரா ஒரு கட்டுப் பழைய புகைப்படங்களை எடுத்து, பதினொரு சிலைகளின் படங்களையும் வரிசையாக மேசையில் பரப்பினார். மூன்றாவதில் மூக்கு கொஞ்சம் நீண்டிருந்தது. ஆறாவதில் உதடு வேறு. பதினோராவது யாரோ ஒருத்தி.

“முகத்தை மறந்திட்டாரோ?”

“மறந்தது அவருக்குத் தெரியாது. கடைசிவரை அது கியாராதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.”

மத்தியானம் சிஞ்ஞோரா படுத்ததும் றோசமலர் குசினி அடுப்பருகில் இருந்து மகளை அழைத்தாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பிள்ளை முகம் காட்டாமல் கதைத்தது.

“வர வேண்டாம் பிள்ளை. அங்கையே படி. போனை மட்டும் மேசையிலை நிமித்தி வைச்சிட்டுப் படி. கதைக்கத் தேவையில்லை.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“நீ படிக்கிற மட்டும்.”

அங்கே போன் நிமிர்ந்தது. றோசமலர் மகளின் முகத்தை, மூக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.