கூரான கிட்டாரும் மாவு மில் தராசும்

மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை வாசிக்கக் கிட்டார் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் பார்ப்பது கூர். கறுப்பா, கொம்பு இருக்கிறதா, குத்துமா? சத்தத்தைப் பற்றிக் கேட்பவர் மீதி ஒருவர். அவரிடம் காசு இருக்காது. தேனி பஜாரில் இசைக்கருவிக் கடையில் இருபத்தாறு வருஷம் விற்பனையும் ரிப்பேரும் பார்த்தவன் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கூடலூர்த் திராட்சை விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். வயது நாற்பத்தைந்து, மீசை காது வரை. அவருடைய பழைய கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குமுளியில் ஒரு மெட்டல் பேண்டில் சேர வாசித்துக் காட்ட வேண்டும்.

"சுதி விலகுச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவானுக அண்ணே. எல்லாம் இருபது வயசுப் பயலுக. இன்னொருக்கா கூப்புட மாட்டானுக."

"கூப்புடாட்டி நல்லதாப் போச்சு" என்றார் மனைவி. பர்ஸ் அவர் கையில். இருபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

சுவரில் பதினான்கு எலெக்ட்ரிக் கிட்டார்கள். விலையால் ஐந்து கழிந்தன. மிச்சம் ஒன்பதையும் ஒவ்வொன்றாக ஆம்ப்ளிஃபயரில் செருகி, இரைச்சலைக் கூட்டும் கெயின் திருகை ஏற்றி, கம்பியைத் தொடாமல் நிற்கச் சொன்னேன். பக்கத்துக் கடை மாவு மில். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள் உள்ள ஆறும் அந்த மோட்டாரோடு சேர்ந்து உறுமின.

"மொளகா அரைக்கவா இம்புட்டுத் துட்டு?" என்றார் மனைவி.

இரட்டைச் சுருள் உள்ள, ஹம்பக்கர் என்கிற மூன்றும் வாயை மூடிக்கொண்டு நின்றன. அதில் இரண்டு கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாத, சாதாரண மரக்கலர். மூன்றாவதுதான் கூர்: V வடிவம், கறுப்பு, பிரிட்ஜை ஆட்டிச் சுரத்தை நெளிக்கும் ட்ரெமலோ வேறு. விவசாயி அதை எடுத்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சுதிக் கீயாகத் திருகினார்.

"தம்பி, இதுல கோளாறு ரெண்டு. மடியில நிக்காது. இந்த விலைக்கு வர்ற ட்ரெமலோ சுதியையும் நிறுத்தாது."

சுதி சேர்த்துக் கொடுத்தேன். ட்ரெமலோ கைப்பிடியை மூன்று தடவை அமுக்கினார். ஆறு கம்பியில் ஐந்து விலகிவிட்டன. அவர் முகத்திலும் சுதி இறங்கியது.

மரக்கலரைக் கொடுத்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். சுதி சுத்தம். வாசிப்புதான், பேங்கில் செலான் நிரப்புகிறவர் மாதிரி இருந்தது.

"வீட்டுலயும் இப்பிடித்தானா?" என்றேன்.

"இவுக எங்கன உக்காந்தாக?" என்றார் மனைவி. "நாள் பூரா பந்தலுக்கு அடியில கையத் தூக்கிக் கவாத்துப் பண்றாக. சோறே நின்னுக்கிட்டுத்தான். தோள்ல தைலம் தேய்க்கிறது நானு."

அப்படியென்றால் பார்க்க வேண்டியது மடியை அல்ல, தோளை. இரண்டு கிட்டாரையும் மாவு மில்லுக்குத் தூக்கிப்போனேன்.

"எடை மட்டும் போதுமா, அரைக்கணுமாண்ணே?" என்றார் மில்காரர்.

மரக்கலர் நாலரைக் கிலோ. கூர் மூன்றேகால். நின்று வாசிப்பவருக்கு மடி எதற்கு? முதல் கோளாறு தீர்ந்தது.

இரண்டாவதற்கு, V-யின் முதுகு மூடியைக் கழற்றினேன். பழப்பெட்டிப் பலகையை அளவாக அறுத்து, ட்ரெமலோ கட்டைக்கு முன்னும் பின்னும் இறுக்கிச் செருகினேன். பிரிட்ஜ் அசையவில்லை. தடித்த கம்பி மாற்றி, மெட்டலின் கனத்துக்காக ஆறாவதை ஒரு சுரம் இறக்கிக் கொடுத்தேன்.

"அப்ப இந்தக் கைப்பிடி எதுக்குய்யா?"

"ஒண்ணுத்துக்கும் இல்லம்மா."

"கழட்டி இங்கனயே போடுங்க. வேலைக்கு ஆகாத சாமான் வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

விவசாயி எழுந்து, V-யைத் தோளில் மாட்டி, காலை அகட்டி, ஒரு இழுப்பு இழுத்தார். மில்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார், தன் மோட்டார்தான் வெடித்துவிட்டதென்று.

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது. "எடுத்துக்கிட்டானுக அண்ணே! ஒரு மணி நேரம், சுதி அசையல. என்ன, அங்கிள் அங்கிள்ங்கிறானுக."

கடையில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. ஸ்டூலை ஒளித்துவையுங்கள். வந்தவர் நின்று வேலை பார்ப்பவரா, உட்கார்ந்தா என்று கேட்ட பிறகு சுவரைப் பாருங்கள். கூர் வேண்டுமென்றால் கூரே போகட்டும். அதிலுள்ள கோளாறை எண்ணி, எண்ணியதைச் சரிசெய்து கொடுப்பதற்குத்தான் சம்பளம்.

குமுளிக்கு வந்து கேட்கச் சொல்லி இதுவரை நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். போகவில்லை. இருப்பது இரண்டே காது.