ஏழுமலையின் கை நடுக்கம்

போன வருடம் என் பைக்கை ஒலக்கூர் ஏழுமலைக்கு விற்றபோது ஏமாற்றினேன். ஹேண்டில் ஆடுவது தெரிந்தே, விற்பதற்கு முதல் நாள் அதன் நட்டை இறுக்கி மறைத்தேன். அதைச் சொல்லத்தான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். வாய் வராமல், "வண்டியை ஒருமுறை காட்டிவிடுவோம்" என்று திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் கடைக்கு அவரை அழைத்து வந்து நிற்கிறேன்.

மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கிறார். 'டொக்' என்கிறது.

"கேட்டுதா? ஹேண்டில் கழுத்துல கோன் செட், அதான் பேரிங், போச்சு. நேத்து இன்னிக்கு தேஞ்சது இல்ல."

ஏழுமலை தன் கைகளைத் திருப்பிப் பார்க்கிறார். "அப்ப எனக்கு நரம்புல ஒண்ணுமில்லியா? வண்டி எடுத்தாலே கை நடுங்குதேன்னு டீய உட்டு ஆறு மாசம் ஆவுது!"

"எனக்குத் தெரியும் ஏழுமலை. தெரிஞ்சேதான் வித்தேன்."

"வாத்தியாரு செய்யற வேலையா சார் இது? பொண்டாட்டிய பின்னால ஏத்தவே பயந்துக்கினு இருந்தேன்."

புது கோன் செட்டை என் செலவில் மாட்டுகிறோம். ஏழுமலை "குந்துங்க சார்" என்று என்னை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். மேம்பாலம் இறங்கியதும் இரண்டு கைகளையும் விட்டுவிடுகிறார்.

"ஹேண்டிலைப் பிடிங்க ஏழுமலை!"

"ஒரு வருசம் நான் பயந்துக்கினு ஓட்டுனேன். ரெண்டு நிமிசம் நீங்க பயப்படுங்க சார்!"