நிற்க வைத்து அனுப்பிய சாமி மேடை

பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டுக்காக அம்மா கிள்ளானில் தச்சரிடம் சொல்லி ஒரு சாமி மேடை செய்துவைத்திருந்தார். என் தோளுயரம். உச்சியில் கோபுரம், முன்னால் இரண்டு கண்ணாடிக் கதவுகள். அடி குறுகல், தலை கனம்.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். உடைந்து வரும் பொருள் ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து எழுதுவதே என் வேலை. அதனால் மேடையை அனுப்பப் பட்டியல் போட்டேன். அளவு எடுத்தல், ஆறு பக்கமும் படம், மூலைகளுக்கு நுரைத்தாள், கண்ணாடிக்கு மேல் கெட்டி அட்டை. ஒன்றையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொரியர் நிறுவனத்தின் லோரி அம்மாவின் கிள்ளான் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். மேடையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு லோரிக்குள் பழைய மெத்தை ஒன்றை விரித்தார்.

“படுக்க வெச்சிருவோம்மா. அதான் சேஃப்.”

“ஐயோ, சாமி மேடையப் படுக்க வைக்கக் கூடாது தம்பி!” என்றார் அம்மா.

“சாமி இன்னும் குடி வரல ஆன்டி. இப்போதைக்கு இது வெறும் பலகைதான்.”

“பலகைன்னு சொல்லாதப்பா. நிக்கட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நீங்க சொல்லுங்க. நிக்க வெச்சா, ஒரு பிரேக் போட்டாப் போதும், சாஞ்சிரும்.”

அவர் சொன்னது சரி. ஏன் சாயும் என்று அவரைவிட நன்றாக என்னால் படம் போட்டு விளக்க முடியும். ஆனால் பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மேடை என் வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. வாதாட நேரமில்லை, மனமுமில்லை.

“நிக்க வெச்சே கட்டுங்க அண்ணே.”

“சரி லா. சாமியே பாத்துக்கட்டும்” என்று இரண்டு கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

வழியில், பங்சாரைத் தொடும் முன் ஒரு கார் குறுக்கே வந்திருக்கிறது. அவர் பிரேக் போட்டிருக்கிறார். என் அடுக்குமாடியின் கீழே லோரிக் கதவைத் திறந்தபோது கோபுரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு கண்ணாடி அட்டைக்குள்ளேயே நொறுங்கியிருந்தது. நான் மறுபடியும் ஆறு பக்கமும் படம் எடுத்தேன்.

அன்று மதியமே இழப்பீட்டுப் படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பினேன். பொருளை எப்படி வைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னாரா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் கோரிக்கை ஏற்கப்படாமல் போகலாம் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. ‘இல்லை’யை அழுத்தினேன். காரணம் என்ற இடத்தில், ‘சரியாகக் கட்டாததால் சாய்ந்தது’ என்று எழுதினேன். அப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்குச் சுலபமாக வரும். அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

“அப்பவே நெனச்சேன். அந்தத் தம்பிக்குச் சாமின்னா வெளையாட்டு” என்றார்.

நான்கு நாள் கழித்து ஓட்டுநர் அழைத்தார்.

“தங்கச்சி, நீங்க ஒன்னுமே சொல்லலன்னு ஃபார்ம்ல போட்டிருக்காம். எனக்கு ஃபர்னிச்சர் டிரிப் எல்லாத்தயும் நிறுத்திட்டாங்க. அன்னிக்கு நடந்தத ஆபிஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“செக் பண்ணிச் சொல்றேன் அண்ணே.”

என்ன இருந்தது சரிபார்க்க? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மறுநாள் இழப்பீடு ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்தது. அதற்கும் பதில் போடவில்லை, அவருக்கும் போடவில்லை. இப்படியே ஒரு வாரம் கடந்தது.

பிறகு தொழிற்சாலையில் ஓர் அறிக்கை என் கையெழுத்துக்கு வந்தது. காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. வழக்கமாக அப்படி வருவதை, ‘அவரை அப்படிச் செய்யச் சொன்னது யார்?’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். அன்று அந்தக் கேள்வியைப் பாதி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் முதலில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப, நான் சொன்னதாலதான் விழுந்துச்சா?” அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“நீங்க ஆசப்பட்டீங்க. தெரிஞ்சே அப்படிக் கட்டச் சொன்னது நான். பொய் எழுதுனதும் நான்தாம்மா.”

அம்மா எழுந்து போய் என் கைப்பையை எடுத்து வந்தார். பிறகு, “இங்க ஏன் உக்காந்திருக்க? அந்தத் தம்பியப் போய்ப் பாரு” என்றார்.

கொரியர் கிடங்கு பக்கத்தில்தான். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட தாளை மேற்பார்வையாளர் பெண் வாசித்தார்.

“கிளைம் கேன்சல் ஆயிரும், தெரியும்ல?”

“தெரியும்.”

“அடுத்த வாரத்துலேருந்து அவருக்கு டிரிப் போடுறேன். ஆனா அவரோட பழைய ரூட்ட வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. அதத் திருப்பி வாங்க முடியாது.”

ஓட்டுநர் பின்பக்கம் சின்னச் சின்னப் பொட்டலங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அவருடைய பழைய ரூட் திரும்பக் கிடைக்காது என்பதையும் சொன்னேன். வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த மற்ற வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை.

“மன்னிச்சிருங்க அண்ணே.”

“செக் பண்ணி முடிச்சிட்டீங்களா தங்கச்சி?” என்றார். குரலில் கோபம் இல்லை.

பரவாயில்லை என்று அவர் சொல்வதற்காக நின்றேன் போலிருக்கிறது. அவர் அடுத்த பொட்டலத்தின் முகவரியைப் படித்து அதை வலப்பக்கக் கூடையில் போட்டார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால டிராலி வருது.”

தள்ளி நின்றேன்.